ஐம்பத்தேழு பவுண்டு கூடுதல்

செட்லர் கணவாயில் இந்த வருடம் ஒரு விபத்துகூட நடக்கவில்லை. இதற்கு பெல்மார் கவுண்டி இழுவைப் பாதுகாப்பு வாரியம்தான் காரணம் என்று வாரியம் சொல்கிறது. வாரியத்துக்கு எதிரே பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் நானும் அதையேதான் சொல்வேன். கணவாய் ஏற வருகிற கேம்பர்களை அது ஏற விடுவதில்லை.

கேம்பர் என்றால் வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. ஜூன் வந்துவிட்டால் எங்கள் ஐடஹோவில் பாதிப் பேர் இப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு ஏதாவதொரு ஏரிக்குப் போவார்கள். முன்பெல்லாம் என் பங்க்கில் நின்று பெட்ரோல் போட்டுவிட்டு மலை ஏறினார்கள். இப்போது வாரியத்தின் வளாகத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு என்னிடம் காபி வாங்கிக் குடிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அதனால் நான் வாரியத்தைப் பற்றி வெளியில் எதுவும் பேசுவதில்லை. வென்டெல் புரூவிட் கதையை மட்டும் சொல்கிறேன். அதில் பாதி என் கண்ணெதிரே நடந்தது. மீதியை அவரே சொன்னார்.

வென்டெலுக்கு அறுபத்தேழு வயது. உருளைக்கிழங்கு ஆலையில் முப்பத்தொரு வருடம் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். எடையைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனைவி மார்லிஸ் பள்ளிக்கூட சமையலறையில் வேலை பார்த்தவர். ஒன்றரை வருடமாகப் புற்றுநோய். ஏப்ரலில் மருத்துவர்கள் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். அக்டோபரில் நடக்க வேண்டிய மகள் ஷெல்பியின் கல்யாணத்தை ஜூனுக்கு மாற்றினார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கல்யாணம் கணவாய்க்கு அந்தப் பக்கம், கோல்டர் ஏரிக்கரையில். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. அங்கே கட்டடம் கிடையாது, மரங்களும் தண்ணீரும்தான். மார்லிஸால் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. அதற்காகத்தான் வென்டெல் ஒரு பழைய கேம்பரை வாங்கித் தன் நடுத்தர எஸ்யூவிக்குப் பின்னால் மாட்டினார். அந்த வண்டிக்கு அது கொஞ்சம் பெரிய சுமைதான். ஆனால் கணக்குக்குள் வரும். வண்டி, கேம்பர், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் பவுண்டுக்குள் இருக்க வேண்டும். அவர் வீட்டிலேயே மூன்று தடவை கூட்டிப் பார்த்திருந்தார்.

காலை ஒன்பதரைக்கு எடைமேடையில் ஏறினார்கள். பலகையில் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு என்று எண் விழுந்தது.

"முப்பத்தாறு பவுண்டு மிச்சம்," என்றார் வென்டெல். மனைவியின் முழங்காலைத் தட்டினார்.

மஞ்சள் அங்கி போட்ட டெனீஸ் ஜன்னலருகே வந்தாள். இனிமையான பெண். வாரியத்தில் எல்லோரும் இனிமையானவர்கள்தான்.

"அந்த எண்ணைப் பாக்காதீங்க சார். ஆளுங்களோட நிறுத்தா அது செல்லாது. இந்த மேடை வண்டிக்கு மட்டும்தான் சான்று வாங்கியிருக்கு, மனுஷங்களுக்கு இல்ல. ரெண்டு பேரும் இறங்குங்க. சாவியக் குடுங்க, வாரியத்துப் பொறுப்புல இருக்கட்டும்."

இறங்கினார்கள். ஒன்பதாயிரத்து அறுநூற்று அறுபத்து மூன்று.

"இப்போ உங்க ரெண்டு பேர் எடையைச் சேக்கணும். லைசென்ஸ் குடுங்க."

எங்கள் ஊர் லைசென்ஸில் உயரம், கண்ணின் நிறம், எடை எல்லாம் அச்சிட்டிருக்கும். வென்டெலுக்கு நூற்றுத் தொண்ணூறு. அதில் தகராறு இல்லை. மார்லிஸின் லைசென்ஸில் நூற்று அறுபத்தெட்டு என்று இருந்தது. ஆறு வருடத்துக்கு முந்தைய கணக்கு. டெனீஸ் கூட்டினாள்.

"பத்தாயிரத்து இருபத்தொண்ணு. இருபத்தொரு பவுண்டு கூடுதல் சார்."

"இவ இப்ப நூத்திப் பதினொண்ணும்மா," என்றார் வென்டெல். "பாத்தாலே தெரியலையா?"

டெனீஸ் மார்லிஸைப் பார்க்கவில்லை. லைசென்ஸைப் பார்த்தாள். "பாக்கறதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது சார். ஆவணத்துல இருக்கறதுதான் எடை. மேடம் இளைச்சிருந்தா அதை உரிமம் குடுக்கற ஆபீஸ்ல தெரிவிச்சிருக்கணும். பத்து நாளுக்குள்ள."

"கீமோ வார்டுல இருந்தேன்," என்றார் மார்லிஸ். "அங்க தபால்பெட்டி வைக்கல."

"அந்த ஆபீஸ் திங்கக்கிழமை எட்டு மணிக்குத் திறப்பாங்க மேடம்."

"கல்யாணம் இன்னிக்கு நாலு மணிக்கு."

"வாழ்த்துகள் மேடம்."

அப்படியானால் கேம்பரைக் கழற்றி இங்கேயே விட்டுவிட்டு வண்டியில் மட்டும் போகிறோம் என்றார் வென்டெல். வளாகத்துக்குள் கழற்றினால் அது கைவிடுதல், அதற்கு இரண்டு வேலை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றாள் டெனீஸ். சரி, வந்த வழியே திரும்புகிறோம், சுற்றுவழியில் போய்க்கொள்கிறோம் என்றார். அதற்கும் வழியில்லை. எடை கூடுதலான வண்டி எந்தத் திசையிலும் எடை கூடுதலான வண்டிதான் என்று அவள் விளக்கினாள். குறைத்தால் மட்டுமே நகரலாம்.

எனவே குறைத்தார்கள். கல்யாண விருந்துக்குக் கொண்டுவந்த இரண்டு இரும்பு வாணலிகள், பதின்மூன்று பவுண்டு. மார்லிஸ் ஏரிக்கரையில் சாய்ந்து உட்கார வென்டெல் தேடி வாங்கிய மடக்கு நாற்காலி, எட்டு. எல்லாவற்றையும் கொண்டுவந்து என் பங்க்கில் வைத்தார். மறுபடி நிறுத்ததில் மிகச் சரியாகப் பத்தாயிரம் வந்தது.

"விதியில பத்தாயிரத்துக்குள்ளன்னு இருக்கு," என்றாள் டெனீஸ். "பத்தாயிரம், பத்தாயிரத்துக்குள்ள வராதே."

வென்டெல் குடிதண்ணீர்க் கேனைத் திறந்து கொஞ்சத்தைத் தரையில் கொட்டினார். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

"அருமை சார்," என்றாள் டெனீஸ். உண்மையாகவே மகிழ்ந்தாள். "இனி வகுப்புக்குப் போயிட்டு வந்தா முடிஞ்சுது."

முதல் நிறுவையில் எடை கூடினவர்களுக்கு இரண்டு மணி நேர வகுப்பு கட்டாயம். பதினொன்றுக்குத் தொடங்கியது. எடுத்தவர் வாரியத் தலைவர் கேரிசன் ஸ்ட்ரௌட். உயரமானவர், வெள்ளைமுடி, குரலில் ஒரு பாதிரியாரின் நிதானம். வகுப்பில் இருந்தது வென்டெலும் மார்லிஸும் மட்டும். அவர் இருநூறு பேருக்குப் பேசுவது போலப் பேசினார்.

"வாரியம் தொடங்கறதுக்கு முன்னாடி வருஷத்துக்கு நானூறு கேம்பர் இந்தக் கணவாயைத் தாண்டிச்சு. விபத்து ரெண்டு. நாங்க வந்த வருஷம் எழுபது தாண்டிச்சு, விபத்து ஒண்ணு. போன வருஷம் ஒம்போதே ஒம்போது. விபத்து இல்ல. இந்த வருஷம் இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தாண்டல. இதைத்தான் நாங்க முழுப் பாதுகாப்புன்னு சொல்றோம். யாருமே தாண்டலைன்னா வாரியம் எதுக்குன்னு சில பேர் கேக்கறாங்க. யாரும் தாண்டாம இருக்கறதைப் பாத்துக்க முப்பத்தெட்டு பேர் வேணும் நண்பர்களே. அது தானா நடக்கற காரியமில்ல."

மார்லிஸ் கையை உயர்த்தினார். "நான் கொஞ்சம் படுத்துக்கலாமா?"

"கேள்விகள் கடைசியில," என்றார் ஸ்ட்ரௌட்.

மார்லிஸ் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொண்டார். வருகைப் பதிவில் அது அரை வருகை என்று குறிக்கப்பட்டது. வென்டெலின் முழு வருகையைக் கொண்டு ஒருவழியாகத் தேற்றினார்கள்.

ஒரு மணிக்குச் சான்றிதழ் கிடைத்தது. கூடவே வண்டியில் எப்போதும் இருக்க வேண்டிய பாதுகாப்புக் கையேடு, ஏழு பவுண்டு. தீயணைப்பான், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டைகள், எச்சரிக்கை முக்கோணங்கள் அடங்கிய பெட்டி, இருபத்து நான்கு பவுண்டு. எடையைக் குறைப்பது எப்படி என்று கையேட்டில் நூற்று நாற்பது பக்கத்துக்கு ஓர் அத்தியாயமே இருந்தது. இப்போது முப்பது பவுண்டு கூடுதல்.

வென்டெல் கேம்பருக்குள் போனார். முப்பது பவுண்டுக்குப் பக்கத்தில் உள்ளே ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. மெத்தை. அதை இழுத்துக்கொண்டு படியில் இறங்கும்போது டெனீஸ் ஓடிவந்தாள்.

"மெத்தையை எடுத்தா அது வசிப்பிடம் இல்ல சார். சரக்கு வண்டி ஆயிடும். சரக்கு வண்டிக்கு வரம்பு ஒம்போதாயிரத்து ஐநூறு. நீங்க இன்னும் கஷ்டத்துல மாட்டிக்குவீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வென்டெல் மெத்தையோடு படியில் நின்றார். முப்பத்தொரு வருடம் பாரம் தூக்கி இறக்கிய மனிதர், அதை உள்ளே கொண்டுபோவதா வெளியே கொண்டுவருவதா என்று தெரியாமல் நின்றதை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். நான் போய் ஏதாவது செய்திருக்கலாம். என்னிடம் ஒரு பிக்கப் இருக்கிறது, மார்லிஸை மட்டும் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் ஏரிக்குப் போயிருக்கலாம். சனிக்கிழமை பங்க்கை மூட முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு ஸ்ட்ரௌடுக்கு ஒரு தொலைபேசி வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. வாரியத்துக்குப் பணம் ஒதுக்கும் கவுண்டி ஆணையர்கள் மூவர் இரண்டரைக்கு வாரியத்தைப் பார்க்க வருகிறார்கள். அடுத்த வருட ஒதுக்கீட்டுக்கு முன்னால், கணவாயைத் தாண்டிய ஒரே ஒரு கேம்பரையாவது அவர்களுக்குக் காட்ட வேண்டும். ஸ்ட்ரௌட் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வளாகத்தில் ஒரே ஒரு கேம்பர்தான் நின்றது. அவரே இறங்கி வந்தார்.

"மிஸ்டர் புரூவிட், உங்களை அனுப்பியே தீரணும்னு முடிவு பண்ணிட்டேன். வெறும் முப்பது பவுண்டுதானே. இதுல எதை இறக்கினா நிறையக் குறையும்னு யோசிச்சீங்களா?" அவர் பட்டியலில் விரலை ஓட்டினார். "இதோ. பயணி இரண்டு. நூத்தி அறுபத்தெட்டு பவுண்டு."

"அது என் பொண்டாட்டி," என்றார் வென்டெல்.

"மேடம் எங்கயும் போக வேண்டாம். வாரியத்து எல்லை அந்தத் தடுப்புக்கட்டை வரைக்கும்தான். மேடம் நடந்தே தாண்டலாம். நடந்து போறவங்களுக்கு எடை வரம்பு கிடையாது. நீங்க வண்டிய ஓட்டிக்கிட்டுத் தாண்டினதும் அந்தப் பக்கம் ஏத்திக்கங்க. எங்களுக்கு மனிதாபிமானம் இல்லைன்னு பேப்பர்ல எழுதறாங்க. அவங்க வந்து இதைப் பாக்கணும்."

வென்டெல் அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மனைவியைப் பார்த்தார். தடுப்புக்கட்டை ஏற்றத்தில் முந்நூறு கஜம் தள்ளி இருந்தது. வெயில் உச்சியில்.

"நான் இருக்கறதே நூத்திப் பதினொண்ணு," என்றார் மார்லிஸ். "மிச்சம் அம்பத்தேழு பவுண்டை யாரு தூக்கிட்டு வர்றதாம்? இவரு வருவாரா?" பிறகு கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். "விடு. வாதாடிக்கிட்டிருந்தா மணி ஆயிடும். நான் மெதுவா நடக்கறேன். நீ சீக்கிரம் வா."

"முடியுமா உன்னால?"

"முடியாதுன்னு எழுதிக்கொடுக்க இங்க ஃபாரம் இருக்குமான்னு கேட்டுப்பாரு."

அவர் நடந்தார். இருபது அடிக்கு ஒரு தடவை நின்று சாலையோர இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டார். வென்டெல் பின்னால் போகப் பார்த்தார். சான்றிதழ் வாங்கின பிறகு அவர் வளாகத்தைவிட்டு வெளியே கால் வைத்தால் கைவிடுதல் ஆகிவிடும் என்று டெனீஸ் தடுத்தாள். சாவியும் அவளிடம்தான் இருந்தது. தலைவர் தருவார், ஆணையர்கள் வந்ததும் ஒரு சின்ன நிகழ்ச்சி, அது முடிந்ததும் கிளம்பலாம் என்றாள்.

ஆணையர்கள் இரண்டரைக்கு வரவில்லை. மூன்றுக்கும் வரவில்லை.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் என் பங்க்கில் டீசல் போட ஓரின் வந்தான். மேட்டுப் பண்ணைக்காரன். அவனுடைய லாரியில் வைக்கோல் கட்டுகள் இரண்டு மாடி உயரத்துக்கு ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றன. முன்விளக்கு ஒன்று எரிவதில்லை. விவசாய வண்டிகள் வேறு துறையின் கீழ் வருவதால் வாரியம் அவற்றைப் பார்ப்பதில்லை.

"அங்க மேல உக்காந்திருக்கற அம்மா யாரு?" என்று கேட்டான்.

தடுப்புக்கட்டைக்கு அப்பால் சாலையோரத் தடுப்பின்மேல் மார்லிஸ் உட்கார்ந்திருந்தார். நடந்து சேர்ந்துவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நீ என்ன பண்ணிட்டிருந்த?" என்றான் ஓரின்.

"கடை."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். மீதிச் சில்லறையை வாங்காமல் போய்விட்டான். தடுப்புக்கட்டையைத் தாண்டி லாரியை நிறுத்தி, இறங்கி, மார்லிஸை ஒரு துணிமூட்டையைப் போல இரண்டு கையாலும் தூக்கி முன்சீட்டில் வைத்தான். மார்லிஸ் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வளாகத்தைப் பார்த்துக் கத்தினார். அவ்வளவு தூரத்திலும் கேட்டது.

"வென்டெல், நான் போய் அவ கையைப் பிடிச்சுக் குடுத்துடறேன். நீ கையெழுத்துப் போட்டுட்டு வந்து சேரு."

வைக்கோல் உதிர்ந்துகொண்டே லாரி வளைவில் மறைந்தது.

ஆணையர்கள் மூன்றே முக்காலுக்கு வந்தார்கள். மேடைக்குக் குறுக்கே ஒரு நீல நாடா கட்டியிருந்தார்கள். வென்டெலுக்கு வாரியத்தின் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டு ஸ்ட்ரௌட் பேசத் தொடங்கினார்.

"நண்பர்களே, ஒரு வண்டியால எவ்வளவு இழுக்க முடியும்னு எல்லாரும் கேக்கறாங்க. ஒரு மனுஷனால எவ்வளவு இறக்கி வைக்க முடியும்னு நாங்கதான் கேட்டோம். மிஸ்டர் புரூவிட் இன்னிக்குக் காலையில இங்க வரும்போது அவருக்கு வாணலி இருந்தது. நாற்காலி இருந்தது. தண்ணி இருந்தது. மனைவி இருந்தாங்க. ஒவ்வொண்ணா, யாரும் வற்புறுத்தாம, அவரே இறக்கி வச்சாரு. இப்ப அவர் வரம்புக்கு நூத்தி முப்பத்தெட்டு பவுண்டு கீழ நிக்கறாரு. இவ்வளவு பாதுகாப்பான மனுஷனை நான் என் வாழ்க்கையில பாத்ததில்ல."

கைதட்டினார்கள். ஆணையர்களில் ஒருவர் வென்டெலிடம் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்.

"என் பொண்ணுக்கு இப்பக் கல்யாணம்," என்றார் வென்டெல்.

"அற்புதம்," என்றார் ஆணையர். புகைப்படக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். ஸ்ட்ரௌட் வென்டெலின் தோளில் கைபோட்டார். என் கடைக் கடிகாரத்தில் அப்போது மணி நான்கு அடித்து இரண்டு நிமிடம்.

நாடாவை வெட்ட ஐந்து மணி ஆயிற்று. பிறகு சாவியைக் கொடுத்தார்கள். பாரம் இழுக்கும் வண்டியை மலையில் வேகமாக ஓட்ட முடியாது. வென்டெல் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி ஆகியிருந்தது. மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஷெல்பி கல்யாண உடையின்மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். இருபது நிமிடம் அவருக்காகக் காத்திருந்தார்களாம். பாதிரியாருக்கு அடுத்த ஊரில் இன்னொரு கல்யாணம் இருந்தது. மகளின் கையைப் பிடித்து அழைத்துப்போனது மார்லிஸ்தான். ஓரின் ஒருபக்கம் தாங்கிக்கொண்டு நடந்திருக்கிறான்.

மார்லிஸ் யாரோ விரித்த கம்பளத்தில் மரத்தடியில் படுத்திருந்தார். தலையில் கட்டியிருந்த துணியில் வைக்கோல்.

"நல்லா இருந்துதா?" என்று கேட்டார் வென்டெல்.

"ரொம்ப நல்லா இருந்துது," என்றார் மார்லிஸ். "அவ அழுதா. நான் அழல. அப்புறம் சொல்றேன், எல்லாத்தையும் சொல்றேன். இப்பத் தூக்கம் வருது."

மறுநாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அதற்குப் பிறகு அவரால் கோர்வையாகப் பேச முடியவில்லை. ஜூலை ஒன்பதாம் தேதி இறந்தார். கல்யாணத்தைப் பற்றி மற்றவர்கள் சொன்னதுதான் வென்டெலுக்குத் தெரியும். மனைவி சொல்லிக் கேட்கவில்லை.

செப்டம்பரில் வென்டெல் மறுபடி வந்தார். வண்டியில் கேம்பர் இல்லை. விற்றுவிட்டார். என் கடையில் அவருடைய வாணலிகளும் நாற்காலியும் அப்படியே இருந்தன. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்காக வரவில்லை என்றார். நாங்கள் இரண்டு பேரும் வாரிய அலுவலகத்துக்குப் போனோம். வழியில் அன்றைக்கு நான் செய்யாததைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "உங்களுக்குக் கடை இருந்துதே," என்றார். அவர் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

முன்கூடத்தின் சுவரில் அந்தப் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. தொப்பி போட்ட வென்டெல், அவர் தோளில் ஸ்ட்ரௌடின் கை, பின்னால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஆணையர்கள். கீழே, பாதுகாப்பே மகிழ்ச்சி என்று எழுதியிருந்தது. அடுத்த வருட ஒதுக்கீடு இருமடங்காகிவிட்டதாக டெனீஸ் சந்தோஷமாகச் சொன்னாள்.

"அந்தப் படத்தை எடுத்துடுங்கம்மா," என்றார் வென்டெல்.

"அதுக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு சார். அன்னிக்கு அந்த வண்டியில பதிவான பயணிகள் எல்லாரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். மேடமையும் கூட்டிட்டு வந்துடுங்க."

"அவ போயிட்டாம்மா."

"எப்பத் திரும்பி வருவாங்க?"

வென்டெல் சுவரருகே போய்ப் படத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார். யாரும் தடுக்கவில்லை. டெனீஸ்கூட எழுந்திருக்கவில்லை. அவர் அதை வண்டியின் பக்கத்துச் சீட்டில் முகம் கீழே இருக்கும்படி வைத்து, கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு உள்ளே டெனீஸ் ஒரு முக்காலிமேல் ஏறி அதே ஆணியில் அதே படத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். இருநூறு பிரதி அடித்து வைத்திருந்தார்களாம்.